மஞ்சள் எங்கே தேங்குகிறது?

பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பிலிரூபின் 12 என்று வருகிறது. நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கிற குழந்தை என்றால், "அடிக்கடி பால் கொடுங்கள், நாளைக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள்" என்று சொல்லி மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதே வாரம் அதே வீட்டுத் தாத்தாவுக்கும் கண் மஞ்சளாகி, அவருடைய ரிப்போர்ட்டிலும் 12 என்று வந்தால் கதை வேறு. அன்றைக்கே வயிற்றை ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். பெட்டில் சேர்த்தாலும் ஆச்சரியமில்லை. குழந்தைக்கு அளவு இன்னும் ஏறினால் நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள், இரண்டொரு நாளில் இறங்கிவிடும். தாத்தாவின் மஞ்சள் பித்தக்குழாய் அடைப்பால் வந்தது என்றால், ஒரு மாதம் அதே விளக்கின் கீழ் படுத்திருந்தாலும் இறங்காது.

நிறம் ஒன்று, எண் ஒன்று, ரத்தத்தில் கூடியிருக்கும் பொருளின் பெயரும் ஒன்று. பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? உடலில் அன்றாடம் உருவாகும் ஒரு கழிவு, வெளியேறும் வழியில் எங்கோ தேங்கிவிட்டது என்பதன் அடையாளம்தான் மஞ்சள் காமாலை. எந்த இடத்தில் தேங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் மருத்துவரின் முதல் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் மஞ்சளை மட்டும் இறக்க முயலும்போதுதான் உயிர்கள் போகின்றன.

கழிவு வருவது ரத்தத்திலிருந்து. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பெரியவர் ஒருவரின் உடலில் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் முதிர்ந்து அழிகின்றன. அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. முதிர்ந்தவற்றை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் பிரித்தெடுக்கின்றன. உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினிலிருந்து இரும்பையும் புரதத்தையும் உடல் மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. மிஞ்சுவது ஹீம் என்னும் மூலக்கூறின் வளையப் பகுதி. அந்த வளையம் அறுபட்டதும் பச்சை நிறப் பொருளாகிறது. அதன் பெயர் பிலிவெர்டின். அடுத்த படியில் அது மஞ்சளாகிறது. அந்த மஞ்சள்தான் பிலிரூபின் என்கிற பித்த நிறமி.

இந்த மாற்றத்தைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கட்டில் காலில் முழங்கால் இடித்துக் கன்றிப்போன இடத்தை ஒரு வாரம் கவனித்தால் போதும். முதலில் கருநீலம், சில நாளில் ஓரங்களில் பச்சை, கடைசியில் மஞ்சள். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அதே வரிசையில் சிதைகிறது. பெரியவர் ஒருவரின் உடலில் இப்படி ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிரூபின் உருவாகிறது.

சிக்கல் என்னவென்றால், புதிதாக உருவான பிலிரூபின் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம்தான் அதைச் சுமந்து கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட தலையில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் பிசுக்குப் போவதில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தால்தான் தண்ணீரோடு கழன்று வரும். கல்லீரல் செய்வது இந்தச் சீயக்காய் வேலை. குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளை, ஒரு நொதியின் உதவியால் பிலிரூபினோடு இணைக்கிறது. இணைந்ததும் அது நீரில் கரைகிறது. பித்தநீரோடு சேர்ந்து பித்தக்குழாய் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை மேலும் மாற்றுகின்றன. மலத்தின் பழுப்பு நிறமும் சிறுநீரின் இளமஞ்சளும் அப்படி வந்தவைதான். குடல் பாக்டீரியாக்களின் எந்த நொதி இதைச் செய்கிறது என்பது 2024-இல்தான் தெரிந்தது. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனத்தாரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். சிறுநீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்ற கேள்வி அத்தனை காலம் முழு விடையில்லாமல் இருந்திருக்கிறது.

ஆக, மஞ்சள் தேங்கக்கூடிய இடங்கள் மூன்று. கல்லீரலுக்கு வரும் முன்பே, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைவதால் வரத்து பெருகலாம். கல்லீரலே பழுதுபட்டு வேலை செய்ய முடியாமல் போகலாம். கல்லீரல் வேலையை முடித்தபின், வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கலாம்.

இதை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பிலிரூபினுக்கு நேரே டோட்டல், டைரக்ட், இன்டைரக்ட் என்று மூன்று வரிகள் இருக்கும். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவார்கள் அல்லது நிம்மதியடைவார்கள். விஷயம் அடுத்த இரண்டில் இருக்கிறது. ஜெர்மானிய அறிவியலாளர் பால் ஏர்லிக் 1883-இல் பிலிரூபினோடு சேர்ந்தால் நிறம் மாறும் ஒரு வேதிக்கரைசலைக் கண்டறிந்திருந்தார். நெதர்லாந்தின் ஹெய்மன்ஸ் வான் டென் பெர்க், தன் உடனாய்வாளர் மியூலரோடு சேர்ந்து 1916-இல் அந்தக் கரைசலை வைத்து ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பித்தக்குழாய் அடைபட்டவர்களின் ரத்தநீரில் கரைசலை விட்டதுமே நிறம் மாறியது. சிவப்பணுக்கள் சிதைவதால் மஞ்சளானவர்களின் ரத்தநீரிலோ ஆல்கஹால் சேர்த்தால்தான் மாறியது. முதலாவதற்கு நேரடி, இரண்டாவதற்கு மறைமுகம் என்று பெயரிட்டார். டைரக்ட், இன்டைரக்ட் என்று இன்றும் அச்சாவது அந்தப் பெயர்கள்தான். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பது 40 ஆண்டுகள் புரியவில்லை. 1956, 57-இல் ரூடி ஷ்மிட், பார்பரா பில்லிங், தலாஃபான்ட் ஆகியோர் வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே ஒரே விடையை அடைந்தார்கள். கல்லீரல் சர்க்கரை அமிலத்தை ஒட்டவைத்த, நீரில் கரையும் வகைதான் டைரக்ட். இன்னும் ஒட்டவைக்கப்படாத, ஆல்கஹாலில் மட்டும் கரையும் வகை இன்டைரக்ட். டைரக்ட் கூடியிருந்தால் கல்லீரலிலோ அதற்கு அப்பாலோ கோளாறு. இன்டைரக்ட் மட்டும் கூடியிருந்தால் அதற்கு முன்னால், அல்லது இணைக்கும் அந்த ஒரு படியில்.

இனி, பிறந்த குழந்தையிடம் வரலாம். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நோயும் இல்லை. கருப்பையில் இருந்தவரை குழந்தையின் பிலிரூபின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்துக்குப் போய், தாயின் கல்லீரலால் கழிந்துகொண்டிருந்தது. தொப்புள்கொடி அறுந்ததும் அந்த ஏற்பாடு நின்றுபோகிறது. குழந்தையின் கல்லீரலிலோ பிலிரூபினை இணைக்கும் நொதி, பெரியவர்களுக்கு உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலை செய்கிறது. அதே சமயம் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைப் போல இரு மடங்குக்கு மேல் பிலிரூபின் உருவாகிறது. போதாதற்கு, குடலில் இன்னும் பாக்டீரியாக்கள் குடியேறவில்லை. இறங்கிய பிலிரூபினில் ஒரு பகுதி பழையபடி பிரிந்து குடல் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

சீம்பாலும் அடிக்கடி பாலூட்டுவதும் முக்கியமாவது இதனால்தான். பால் போனால் குடல் அசையும். பிறந்தபின் முதலில் போகிற கரும்பச்சை மலம் சீக்கிரம் வெளியேறும், அதோடு பிலிரூபினும் வெளியேறும். முதல் நாட்களில் சேனை வைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் மஞ்சளைக் குறைப்பதில்லை. வயிறு நிறைந்த குழந்தை பால் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதால் கூடவும் செய்யலாம்.

இந்தச் சாதாரண மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்துக்குள் மறையும். பிரசவமான இரண்டாம் நாளே தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தில் உச்சம் வீட்டில்தான் வருகிறது. அந்த நாட்களில் ஒருமுறை குழந்தையைக் காட்டச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

மஞ்சள் முகத்தில் தொடங்கி, மார்பு, வயிறு, கால், உள்ளங்கால் என்று இறங்கும் என்பதை 1969-இல் லாயிட் கிரேமர் என்ற அமெரிக்க மருத்துவர் அளந்து எழுதினார். குழந்தையின் நெற்றியிலோ மார்பிலோ விரலால் லேசாக அழுத்தி எடுத்து, வெளுத்த அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது இன்றும் செவிலியர்கள் செய்வதுதான். ஆனால் கண்ணை முழுவதும் நம்ப முடியாது. மாநிறமும் கருநிறமுமான குழந்தைகளில் மஞ்சள் தோலில் எளிதாக ஒளிந்துகொள்ளும். ஈறையும் கண் வெள்ளையையும் பார்த்தாக வேண்டும். நெற்றியில் வைத்து ஒளியைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியிலிருந்து அளவைக் கணிக்கும் கருவியை 1980-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அறிமுகப்படுத்தினார்கள். அது சந்தேகத்தைத் தீர்க்க உதவும். எண் அதிகமாக வந்தால் ரத்தப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

அந்த எண்ணையும் தனியாகப் படிக்கக் கூடாது. மருத்துவர் வினோத் புட்டானியும் அவரது குழுவினரும் 1999-இல் வெளியிட்ட பிலிரூபின் வரைபடத்தில் கிடை அச்சில் இருப்பது நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. மூன்றாம் நாளில் கவலை தராத 12, பிறந்த 12-ஆம் மணி நேரத்தில் வந்தால் அவசரம். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்தாலே சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். தாயின் ரத்த வகை ஆர்எச் நெகட்டிவாகவும் குழந்தையுடையது பாசிட்டிவாகவும் இருந்து, முந்தைய பிரசவத்தில் தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள் இந்தக் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கலாம். பிரசவத்தையொட்டித் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கிறது. அந்த மருந்து மனித ரத்தநீரிலிருந்து வருவது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1,173 முறை தானம் செய்து 24 லட்சம் குழந்தைகளுக்கு அது கிடைக்க உதவியவர் என்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணித்திருக்கிறது. 2025-இல் மறைந்தார்.

ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளும் உண்டு. பெரும்பாலும் ஆண் குழந்தைகள். பெட்டியில் பாச்சை உருண்டையோடு மடித்து வைத்திருந்த பழைய துணியை எடுத்துக் குழந்தையைச் சுற்றினால், அந்த நாப்தலின் வாடையே இவர்களுடைய சிவப்பணுக்களை உடைக்கப் போதும். வழிவழியாக வந்த தொட்டில் சேலையை ஆசையாக எடுக்கும் வீடுகளில் இந்த ஒரு செய்தி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை எச்சரிக்கையும் மூளைக்காக. கரையாத பிலிரூபின் அளவு மீறி ஏறினால், அல்புமினில் இடமில்லாமல் மிஞ்சியது மூளைக்குள் நுழைந்து படிந்துவிடும். அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும் செவி நரம்பின் பாதையும் முதலில் பலியாகும். பால் குடிக்க மறுத்துத் தூங்கிக்கொண்டே இருப்பது, கீச்சென்ற அழுகை, உடலைப் பின்பக்கம் வில்லாக வளைப்பது ஆகியவை அதன் தொடக்க அடையாளங்கள். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. தாண்டிப் பிழைத்த குழந்தை காது கேளாமலும் கைகால் கட்டுப்பாட்டில் இல்லாமலும் வாழ்நாளைக் கழிக்க நேரிடலாம். முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடிய ஊனம் இது.

தடுக்கும் கருவி நீல விளக்கு. அது வந்த கதை இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில், ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில் தொடங்குகிறது. குறைமாதக் குழந்தைகள் வார்டின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் ஜீன் வார்டு, புழுக்கமான உள்ளறையைவிட வெளிக்காற்றும் வெயிலும் குழந்தைகளுக்கு நல்லது என்று நம்பியவர். வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956-இல் ஒருநாள் மருத்துவர்கள் சுற்றி வந்தபோது, ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடல் முழுக்க வெளுத்திருக்க, வயிற்றில் மட்டும் முக்கோண வடிவில் மஞ்சள் அடித்திருந்தது. அங்கே ஏதாவது மருந்து தடவினீர்களா என்று கேட்டார் மருத்துவர் டாப்ஸ். தடவவில்லை, துணியின் மூலை அந்த இடத்தை மூடியிருந்தது, மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு வெளுத்துவிட்டது என்றார் சிஸ்டர்.

சில வாரம் கழித்து, மஞ்சள் கடுமையான ஒரு குழந்தையின் ரத்தம் இருந்த சோதனைக்குழாய் ஆய்வகத்து ஜன்னலோரம் வெயிலில் கிடந்துபோயிற்று. பிறகு அதைச் சோதித்தபோது அளவு நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. புதிதாக எடுத்த ரத்தத்தில் அளவு மிக அதிகமாக இருந்தது. இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் மருத்துவர் ரிச்சர்ட் கிரீமரும் வேதியியலாளர் பெரிமனும். எந்த நிற ஒளி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, நீலக் குழல்விளக்குகள் பொருத்திய தொட்டிலைச் செய்து, 1958-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அமெரிக்க மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்து ஆண்டு கழித்து, வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜெரால்ட் லூசி குறைமாதக் குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் விளக்கு உலகெங்கும் பரவியது. துணியை விலக்கிக் காட்டிய அந்தச் செவிலியரின் பெயரைப் பாடநூல்கள் இன்னும் பெரிதாகச் சொல்ல வேண்டும்.

ஒளி பிலிரூபினை எரித்துவிடுகிறது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். 1976-இல் ஆர். பானட் குழுவினர் எக்ஸ்-கதிர் கொண்டு பிலிரூபின் படிகத்தின் வடிவத்தைக் கண்டறிந்தபோது விஷயம் தெளிவானது. பிலிரூபின் மூலக்கூறு இரண்டாக மடிந்து, தண்ணீரை ஈர்க்கும் தன் பகுதிகளை உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. கரையாமைக்குக் காரணம் அந்த மடிப்பு. நீல ஒளி பட்டதும் உள்ளே ஒரு பிணைப்பு திரும்பிக்கொள்கிறது, மடிப்பு விரிகிறது, மறைந்திருந்த பகுதிகள் வெளியே வருகின்றன. அதன் பின் கல்லீரலின் நொதிக்காகக் காத்திருக்காமல் அப்படியே பித்தநீரில் கலந்து வெளியேற முடியும். ஆக, முதிராத கல்லீரல் செய்ய வேண்டிய வேலையை விளக்கு தோலில் வைத்தே செய்துகொடுக்கிறது. "குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்" என்று உறவினர்கள் கலக்கத்தோடு சொல்லும்போது உள்ளே நடப்பது இவ்வளவுதான். கண்ணை மூடிக் கட்டுவது கடும் ஒளியிலிருந்து காக்க. டயப்பர் தவிர மற்றத் துணியைக் களைவது அதிகத் தோலில் ஒளி படுவதற்கு. இடையிடையே எடுத்துப் பால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். விளக்குக்கும் அடங்காமல் ஏறினால் குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து வேறு ரத்தம் மாற்றுவார்கள்.

தாத்தாவுக்கு விளக்கு உதவாததன் காரணமும் இதே விளக்கத்தில் இருக்கிறது. அவருடைய கல்லீரல் பிலிரூபினை ஏற்கெனவே கரையும்படி மாற்றிவிட்டது. மாறியது வெளியே போக வழியில்லாமல் ரத்தத்துக்குத் திரும்புகிறது. கரைய வைக்கும் ஒளி அவருக்கு என்ன செய்யும்? மாறாக, கிரிக்லர்-நஜ்ஜார் என்ற அரிய பிறவிக்குறை உள்ளவர்களுக்கு இணைக்கும் நொதியே கிடையாது; 1952-இல் விவரிக்கப்பட்ட குறை. அவர்கள் வளர்ந்த பிறகும் நாள்தோறும் பல மணி நேரம் நீல விளக்கின் கீழ் படுத்து உயிர் காக்கிறார்கள், கல்லீரல் மாற்று கிடைக்கும்வரை. வயதல்ல, தேக்கம் எங்கே என்பதுதான் விளக்கு வேலை செய்வதைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் பாட்டி சொல்கிறபடி இளவெயிலில் காட்டினால் போதாதா? வெயிலில் அந்த நீல ஒளி இருப்பது உண்மைதான். ஆனால் கூடவே புற ஊதாக் கதிரும் வெப்பமும் வருகின்றன. துணியில் சுற்றிய குழந்தையின் முகத்தில் பத்து நிமிடம் படும் வெயில் சிகிச்சை அளவுக்கு அருகில்கூட வராது. நைஜீரியாவில் டினா ஸ்லஷரும் உடன் மருத்துவர்களும், புற ஊதாவையும் வெப்பத்தையும் தடுத்து நீல ஒளியை மட்டும் விடுகிற படலத்தால் கூரை அமைத்து, பகல் முழுக்கக் குழந்தைகளைக் கண்காணித்துச் சிகிச்சை தந்தார்கள். 2015-இல் வெளியான முடிவு: விளக்குக்கு இணையாக வேலை செய்தது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களுக்கு அது பெரிய செய்தி. படலமும் அளவெடுப்பும் கண்காணிப்பும் இல்லாமல் வாசலில் காட்டும் வெயிலை அதோடு ஒப்பிட முடியாது. வெயிலை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

இரண்டு வாரம் தாண்டியும் குழந்தையின் மஞ்சள் போகாவிட்டால், தாய்ப்பாலினால் நீடிக்கிற, தீங்கற்ற மஞ்சளாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் ஒருமுறை டைரக்ட் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தக்குழாய்கள் அழிந்துபோகும் நோய் அதன் பின்னால் இருக்கலாம். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1959-இல் விவரித்த அறுவை சிகிச்சையில், குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்துக் கல்லீரலின் அடியில் நேரடியாகத் தைத்துவிடுவார்கள். குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். தள்ளிப்போகப் போகக் கல்லீரல் தழும்பேறிவிடும். தைவான் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் மல நிறங்கள் அச்சிட்ட அட்டையைத் தருகிறது; குழந்தையின் துணியில் கண்ட நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு வெளிறியது என்றால் உடனே தெரிவிக்க வேண்டும். அதன்பின் அங்கே உரிய காலத்தில் அறுவை பெறும் குழந்தைகள் அதிகமானார்கள். அச்சுக்கூலி தவிர எந்தச் செலவும் இல்லாத இந்த அட்டை இங்கேயும் தடுப்பூசி அட்டையோடு சேர்ந்து வர வேண்டியது. 1998-இல் டெல்லியில் வெற்றிகரமாக நடந்த இந்தியாவின் முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை, இதே நோயோடு காஞ்சிபுரத்திலிருந்து போன 20 மாதக் குழந்தைக்குத்தான். தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானது.

பெரியவர்களின் காமாலையில் நம் பக்கத்தில் முதலிடம் வைரஸ்களுக்கு. ஹெபடைட்டிஸ் ஏ, இ இரண்டும் மலம் கலந்த தண்ணீரால் பரவுகின்றன. பி, சி ரத்தத்தால். மது, காசநோய் மாத்திரைகள், அளவு மீறிய பாராசிட்டமால், உள்ளடக்கம் தெரியாத சில நாட்டுமருந்துகள் ஆகியவையும் கல்லீரலைக் கெடுத்து மஞ்சளை வரவழைக்கும். 1955 கடைசியில் டெல்லியில் யமுனையின் கழிவுநீர் குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் புகுந்து, சில வாரங்களில் ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை வந்தது. ஹெபடைட்டிஸ் ஏ என்றே வெகுநாள் நினைத்தார்கள். பத்திரப்படுத்திய ரத்த மாதிரிகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது அது இல்லை என்று தெரிந்தது. 1978-இல் காஷ்மீரில் இதே போன்ற கொள்ளைநோயை ஆராய்ந்த மருத்துவர் முகமது சுல்தான் குரூ, இது புது வைரஸ் என்று எழுதினார். 1980-களின் தொடக்கத்தில் சோவியத் வைரஸியலாளர் மிகாயில் பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்து, காமாலை வந்து, தன் மலத்திலேயே அந்த வைரஸை நுண்ணோக்கியில் பார்த்தார். அதுதான் ஹெபடைட்டிஸ் இ. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே ஆறுகிற இந்நோய், நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவரைக்கூடக் கொல்லக்கூடியது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமே இல்லை.

கீழாநெல்லியைப் பேசாமல் தமிழில் காமாலையைப் பற்றி எழுத முடியாது. இலையை அரைத்து மோரில் கலந்து காலையில் வெறும் வயிற்றில் குடித்து, உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் குணமானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஹெபடைட்டிஸ் ஏ, இ வந்தவர்களில் பெரும்பாலோர் எதுவும் குடிக்காமலே அதே இரண்டு மூன்று வாரத்தில் தேறத் தொடங்கிவிடுவார்கள். குடித்தவரும் குடிக்காதவரும் தேறும்போது, குணமாக்கியது இலைதானா என்று ஒருவரின் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும்.

சென்னையில் அதைச் செய்தும் பார்த்தார்கள். எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பரூச் ப்ளம்பெர்கோடு சேர்ந்து, அந்த வைரஸை நெடுநாளாக உடலில் சுமப்பவர்களில் சிலருக்குக் கீழாநெல்லிப் பொடியும் சிலருக்கு மருந்தில்லாத பொடியும் கொடுத்தார்கள். 1988-இல் லான்செட்டில் வந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது, மற்றக் குழுவில் 23-இல் ஒருவருக்கு மட்டும். ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் திருப்பிச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைய நிலையில் ஹெபடைட்டிஸ் பி-க்கு அதை மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை. பொடியைக் கொடுத்து, கொடுக்காமலும் பார்த்து, முடிவை உலகின் முன் வைத்துத் திருப்பிச் சோதிக்கவிட்ட அந்தச் சென்னை ஆய்வு நாட்டுமருத்துவத்துக்குச் செய்த மரியாதை என்றே கொள்ள வேண்டும். அவமரியாதை என்பது, கையில் சூடு வைத்துக் காமாலையை இறக்குவதாகச் சொல்வதும், எந்தக் காமாலை என்று பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே மருந்தை நீட்டுவதும்தான். பத்தியமும் அப்படித்தான். பசியில்லாத நாட்களில் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்பது சரி. கல்லீரல் தேற வேண்டிய நேரத்தில் கஞ்சியும் மோரும் மட்டும் கொடுத்து உடலை வற்றவிடுவது சரியில்லை.

வைரஸால் வந்த காமாலையில் பிலிரூபின் எண்ணைவிட முக்கியமானது ரத்தம் உறையும் திறன். உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. ஐஎன்ஆர் என்ற பரிசோதனை அதைக் காட்டும். பிலிரூபின் 20 ஆனாலும் ஐஎன்ஆர் சரியாக இருந்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். ஐஎன்ஆர் ஏறி, ஆள் பேச்சில் தடுமாறி, பகலில் தூங்கி வழிந்தால் கல்லீரல் கைவிடத் தொடங்கிவிட்டது. கல்லீரல் மாற்று வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, விரதம் இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கண் லேசாக மஞ்சளாகி, இன்டைரக்ட் மட்டும் இரண்டு, மூன்று என்று ஏறி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இணைக்கும் நொதி அவர்களுக்குச் சற்றுக் குறைவு. இந்த நிலையை அகஸ்டின் கில்பெர்ட் என்பவர் 1901-இல் விவரித்தார். இதற்கு மருந்தும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

மீதம் இருப்பது அடைப்பு. பித்தக்கல் குழாயில் இறங்கிச் சிக்கியிருக்கலாம். கணையத்தின் தலைப்பகுதியில் வளர்ந்த கட்டி குழாயை வெளியிலிருந்து நெரிக்கலாம். கரையும் பிலிரூபின் சிறுநீரகம் வழியே கசிவதால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். குடலுக்கு எதுவும் வராததால் மலம் வெளிறும். உடலெங்கும் அரிப்பு எடுக்கும். வயிற்று வலியும் குளிர்க்காய்ச்சலும் சேர்ந்தால் பித்தக்குழாயில் சீழ் பிடித்துவிட்டது என்று பொருள். அது மணிக்கணக்கில் உயிரை எடுக்கக்கூடும். வலியே இல்லாமல் மஞ்சள் மட்டும் ஏறி, உடல் இளைத்துக்கொண்டே போனால் கட்டியைத் தேட வேண்டும். கட்டியை வெட்டியெடுக்கும் வாய்ப்பு சில வாரங்களே திறந்திருக்கும். காமாலைக்கு மருந்து கொடுக்கும் இடங்களைத் தேடி அலைவதில் அந்த வாரங்கள் போய்விடுகின்றன. கேள்வி கேட்க வேண்டிய இடம் ஸ்கேன் அறை. வாய் வழியாகக் குழாய்க்கேமராவை இறக்கிக் கல்லை எடுப்பதும், நெரிந்த இடத்தில் ஸ்டென்ட் வைப்பதும் இப்போது தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் அன்றாட வேலை.

அடைப்பு நீங்கிய பின்னும் சில வாரம் கண்ணில் மஞ்சள் மிச்சமிருக்கும். சிகிச்சை பலிக்கவில்லையோ என்று வீட்டார் கவலைப்படுவது இந்த நாட்களில்தான். நெடுநாள் தேங்கிய கரையும் பிலிரூபினில் ஒரு பகுதி அல்புமினோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகிறது. அந்த அல்புமின் மூலக்கூறின் ஆயுள் முடியும்வரை அது கழியாது, அல்புமினின் அளவு பாதியாகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்படிப் பிணைந்தது சிறுநீரில் வடியவும் முடியாது. அதனால் சிறுநீர் தெளிந்து, மலத்துக்குப் பழைய நிறம் திரும்பிய பிறகு, கடைசியில்தான் கண் வெளுக்கும்.